டிராக்டர் கிளம்பாதபோது மின்சாரக் கோளாறைக் கண்டறியும் முறை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்னும் இடம் இருக்கின்றது. மலையினின்று இறங்கும் ஓடைகளின் நீரைக் கொண்டு அங்கும், தென்மேற்கே இராஜபாளையம் பக்கத்திலும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் வளர்க்கப்பட்டு வருகின்றன. கிழக்கே செல்லச் செல்ல மானாவாரிக் கரிசல் நிலம். இவ்விரு பகுதியிலும் பழைய டிராக்டர்களே குடியானவர்கள் பலருக்குக் கைகொடுத்து வருகின்றன. 1959-ஆம் வருஷத்தில் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் செய்யத் தொடங்கப்பட்டது. 1960-ஆம் வருஷத்தில் சென்னையில் டாஃபே கம்பெனி ஏற்பட்டது. அதன் பின்னர் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட டிராக்டர்களில் இருபது முப்பது வருஷம் உழைத்தும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை அநேகம்.

இத்தகைய பழைய டிராக்டர், ஐப்பசி மழை பெய்து வெறித்த காலையில் சாவியைத் திருப்பியும் கிளம்பாமல் நின்றுவிடுமானால், அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. கரிசலில் உழவுக்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். பதம் தப்பினால் விதைப்பும் தப்பும். தோப்புக்காரர்களுக்கோ வேறொரு கஷ்டமும் உண்டு. செண்பகத்தோப்பை ஒட்டிய காடு 1988-ஆம் வருஷத்தில் சாம்பல் நிற மலை அணில்களுக்குச் சரணாலயமாக்கப்பட்டது. 2021-ஆம் வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது. மலையோரத் தோப்புகளில் யானைகள் இறங்குவதுண்டு. ஆகையால் மாலையில் கிளம்பாத டிராக்டரைத் தோப்பிலேயே விட்டு வருவதும், அதைப் பழுது பார்த்துக்கொண்டு இருட்டும் வரையில் அங்கே தங்குவதும் தகாத காரியங்களாம்.

இச்சமயத்தில் அவசரப்பட்டுப் பலர் செய்வது யாதெனில், "பாட்டரி போய்விட்டது" என்று முடிவு கட்டிப் புதிய பாட்டரியைக் கடனுக்கேனும் வாங்குவதேயாம். அநேக சமயங்களில் பாட்டரியின் மேல் குற்றமிராது. மின்சாரம் செல்லும் பாதையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரையில் முறையாகச் சோதித்தால், கோளாறு இருக்குமிடம் அரைமணி நேரத்திற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு வோல்ட்மீட்டரும், 12 வோல்ட் பல்பில் இரண்டு கம்பிகளை இணைத்துச் செய்த சோதனை விளக்குமேயாகும்.

மின்சாரத்தின் வேலை

டீசல் எஞ்சினில் எண்ணெய் பற்றிக்கொள்வதற்கு மின்பொறி வேண்டுவதில்லை. சிலிண்டருக்குள் காற்று மிகவும் நெருக்கப்படுவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் தீப்பற்றுகின்றது. ஆகவே பழைய டிராக்டரில் மின்சாரத்தின் முக்கிய வேலை எஞ்சினை முதலில் சுழற்றிவிடுவதே. அதைச் செய்வது ஸ்டார்ட்டர் மோட்டார். நம் பக்கத்தில் இதனை 'செல்ப்' என்பர்.

இம்மோட்டாருக்கு மின்சாரம் இரு பாதைகளில் வருகின்றது. பாட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாக ஸொலினாய்டு என்னும் பெரிய ஸ்விட்சுக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும் சென்று, எஞ்சினின் இரும்பு உடல் வழியாகவும் எர்த் பட்டை வழியாகவும் பாட்டரிக்குத் திரும்புவது பெரும் பாதை. சாவியிலிருந்து மெல்லிய கம்பி வழியாகச் சென்று ஸொலினாய்டை இயக்குவது சிறு பாதை. கியர் பொருந்தியிருக்கும்போது எஞ்சின் கிளம்பாதிருக்கும்பொருட்டு, சில டிராக்டர்களில் இச்சிறு பாதையில் ஒரு காப்பு ஸ்விட்சு வைக்கப்பட்டிருக்கும். 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறிய பெர்குஸன் டிராக்டரில் கியர்க் கம்பியையே 'எஸ்' என்ற குறிக்குத் தள்ளித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். காப்பின் கருத்து ஒன்றே.

விளக்கு எரிந்தும் செல்ப் சுற்றாததேன்?

"விளக்கு பளிச்சென்று எரிகின்றதே, செல்ப் மட்டும் ஏன் சுற்றவில்லை?" என்பது பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. முன்விளக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 8 ஆம்பியர் மின்சாரமே எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 300 ஆம்பியர் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் கேட்கும். பாட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியாலோ துருவாலோ ஓர் இணைப்பில் ஓமில் நூற்றிலொரு பங்கு தடை உண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். விளக்குக்குச் செல்லும் 8 ஆம்பியருக்கு அத்தடையில் இழப்பாவது 0.08 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. 300 ஆம்பியர் செல்ல முயலும்போதோ இழப்பு 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 வோல்ட் வழியிலேயே போய்விட்டால் மோட்டார் எங்ஙனம் சுற்றும்?

தூர் அடைத்த வாய்க்காலில் குடத்தளவு நீர் தடையின்றிப் போகும்; மடையைத் திறந்துவிட்டாலோ நீர் கடைவயலுக்கு எட்டாமல் வழியிலேயே தேங்கிவிடும். இதுவும் அத்தன்மையதே. கோளாறு அறியும் கலை முழுவதும் இவ்வொரு விஷயத்தில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

குறிகள்

முதலாவதாகக் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்திற்குக் கல் கொடுத்து, டிராக்டரின் அருகே ஒருவரும் இல்லாதபடி பார்த்துக்கொள்க. கையில் மோதிரமும் உலோகக் காப்பும் இருத்தல் கூடாது. பின்னர் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பி, விளக்கைக் கண்ணாலும் மோட்டாரைக் காதாலும் கவனிக்க வேண்டும்.

1. விளக்கு எரியவேயில்லை, சத்தமும் இல்லையெனில், பாட்டரி முழுதும் இறங்கிவிட்டது, அல்லது பாட்டரி முனையிலேனும் எர்த் பட்டையிலேனும் இணைப்பு அற்றுவிட்டது.

2. விளக்கு மங்காமல் எரிகின்றது. சத்தமே இல்லையெனில், கோளாறு பெரும்பாலும் சிறு பாதையில் உள்ளது. சாவி ஸ்விட்சு, காப்பு ஸ்விட்சு, மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற டிராக்டரில் எலி கம்பியைக் கடித்திருப்பதும் உண்டு.

3. விளக்கு மங்கவில்லை; 'டக்' என்று ஒரே சத்தம் கேட்கின்றது எனில், ஸொலினாய்டு இயங்குகின்றது; அதற்கப்பால் மின்சாரம் செல்லவில்லை. அதனுள்ளிருக்கும் தொடுதகடுகள் தீய்ந்திருக்கலாம்; மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம்.

4. விளக்கு மிகவும் மங்கி, 'டக்' என்றோ, 'கடகட' என்று விட்டு விட்டோ சத்தம் வருகின்றது எனில், பாட்டரி பலவீனமாயிருக்கின்றது, அல்லது தடித்த கம்பியின் இணைப்பில் தடை இருக்கின்றது. அரிதாக, மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருத்தலும் கூடும்.

5. மோட்டார் 'விர்' என்று தனியே சுற்றுகின்றது. எஞ்சின் அசையவில்லை எனில், மோட்டாரின் பற்சக்கரம் பிளைவீலின் பல்லில் சேரவில்லை. இது மெக்கானிக்கின் வேலை.

6. எஞ்சின் வேகமாகவே சுழல்கின்றது. ஆனால் பற்றவில்லை எனில், மின்சாரத்தைக் குறை கூற வேண்டாம். டாங்கியில் எண்ணெய் இருக்கின்றதா, நிறுத்தும் இழுப்புக் கம்பி உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றதா, எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நிறுத்துவதற்கு மின்சார வால்வு வைத்த எஞ்சின்களில் மட்டும் அவ்வால்வுக்கு மின்சாரம் வருகின்றதா என்று சோதிக்க வேண்டியிருக்கும்.

பாட்டரியின் நிலை

நான்காவது குறி கண்டால் பாட்டரியை முதலில் அளக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்வாக இருந்த பாட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தால், 12.6 வோல்ட் காட்டுவது நிறைவான பாட்டரி, 12.2 காட்டுவது ஏறத்தாழப் பாதி இறங்கியது. 12-க்குக் கீழ்ப்பட்டது மறுபடியும் ஏற்றப்பட வேண்டியது. மூடி திறக்கக்கூடிய பாட்டரியானால் ஹைட்ரோமீட்டரைக் கொண்டு ஒவ்வோர் அறையின் திராவகத்தையும் தனித்தனியே அளக்கலாம். நிறைவான நிலையில் அது 1.240 முதல் 1.280 வரையில் நிற்கும். வெப்பநாடுகளுக்கென்று செய்யப்படும் பாட்டரிகளில் குறைந்த அளவே பொருந்தும். எல்லா அறைகளும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் பாட்டரியை ஏற்றினால் போதும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவு தாழ்ந்திருந்து, ஏற்றிய பின்னரும் அவ்வாறே நின்றால், அவ்வறை கெட்டுவிட்டது. அப்போதே புதிய பாட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது பாரத்தோடு சோதிப்பது. எஞ்சின் பற்றிவிடாதபடி நிறுத்தும் கம்பியை இழுத்துவைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் பாட்டரியின் ஈயமுனைகளிலேயே அளக்க வேண்டும். நிறைவாக ஏற்றப்பட்ட பாட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின், அது பலம் இழந்தது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கின்றது என்று அறியலாம். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் மோட்டாரைச் சுற்றலாகாது. இடையில் ஒரு நிமிஷமேனும் ஆறவிட வேண்டும்.

இணைப்புகளைச் சோதிக்கும் விதம்

பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் மோட்டார் சுற்றவில்லையெனில், இழப்பு எங்கே என்று தேட வேண்டும். சாவி திருப்பப்பட்டிருக்கும்போதே பின்வரும் இடங்களில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில், பாட்டரியின் பாஸிட்டிவ் ஈயமுனைக்கும் மோட்டாரின் தடித்த முனைக்கும் இடையே. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அப்பக்கத்தில் தடை உண்டு.

இரண்டாவது, பாட்டரியின் நெகட்டிவ் ஈயமுனைக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே. இங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கத்தில் தடை உண்டு.

மூன்றாவது, ஈயமுனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் இடையே. இங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டலாகாது. மீட்டரின் ஊசியை ஈயத்திலேயே பதிக்க வேண்டும். கிளாம்பில் வைத்தால் கோளாறு மறைந்துவிடும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒரு மாதம் கொட்டகையில் நின்ற டிராக்டர் 'டக்' என்று சொல்லி நிற்கின்றது, விளக்கு மங்குகின்றது. ஓய்வில் பாட்டரி 12.5 வோல்ட். சாவியைத் திருப்பும்போது ஈயமுனைகளில் 11.4 வோல்ட் இருக்கின்றது, மோட்டாரிலோ 7.4 வோல்ட்தான். மீதி 4 வோல்ட் எங்கே? பாஸிட்டிவ் பக்கத்தில் 0.4, எர்த் பக்கத்தில் 3.6. கணக்கு நேராகிவிட்டது. பாட்டரியில் பிழையில்லை, எர்த் பட்டையின் அடியில் துருவும் பெயிண்டும் அடைத்திருக்கின்றன. அரைமணி நேரச் சுரண்டலில் தீரும் குறை இது.

இங்கே ஒரு மயக்கத்தையும் எடுத்துக் கூற வேண்டும். பாட்டரியை மாற்றும்போது கிளாம்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குகின்றோம். அதனால் கிளாம்பில் இருந்த கோளாறு தீர்ந்து டிராக்டர் கிளம்பிவிடுகின்றது. "பார்த்தீர்களா, பாட்டரிதான்" என்று எல்லோரும் நம்பிவிடுகின்றனர். நல்ல பாட்டரி பழைய விலைக்குப் போய்விடுகின்றது. சில வாரங்களில் பொடி மறுபடியும் பூக்க, புதிய பாட்டரியும் அதே பழிக்கு ஆளாகின்றது. ஆதலால் விலை கொடுக்குமுன் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

மீட்டர் இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சில விநாடிகள் மோட்டாரைச் சுற்ற முயன்றபின் ஒவ்வோர் இணைப்பையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தால், தடையுள்ள இணைப்பு சுடும். அன்றியும், தடித்த தனிக் கம்பி ஒன்றால் பாட்டரியின் எர்த் முனையை எஞ்சினின் சுத்தமான இரும்போடு இணைத்துப் பார்க்கலாம். அப்போது கிளம்புமாயின் எர்த் பட்டையே குற்றவாளி.

சிறு பாதையைச் சோதித்தல்

இரண்டாவது குறி கண்டால், சோதனை விளக்கின் ஒரு கம்பியை எஞ்சினின் இரும்பிலும், மற்றதை ஸொலினாய்டின் மெல்லிய கம்பி சேரும் முனையிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லவும். விளக்கு எரிந்தால் மின்சாரம் அதுவரையில் வந்துவிட்டது. குற்றம் ஸொலினாய்டில் உள்ளது. எரியாவிட்டால் பின்னோக்கிச் சென்று, காப்பு ஸ்விட்சின் இரு பக்கமும், சாவியின் இரு பக்கமும், பியூஸும் பார்க்க வேண்டும். எந்த இடத்தின் இப்பால் எரிந்து அப்பால் எரியவில்லையோ, அவ்விடமே பழுதுற்றது.

செய்யத் தகாதவை

மோட்டாரின் இரு முனைகளையும் திருப்புளியாலோ இரும்புத் துண்டாலோ குறுக்கே தொட்டு டிராக்டரைக் கிளப்புவது பல இடங்களில் வழக்கமாயிருக்கின்றது. இது மிகவும் கொடிய பழக்கம். இவ்விதம் செய்யும்போது மின்சாரம் காப்பு ஸ்விட்சைத் தாண்டிச் சென்றுவிடுகின்றது. கியர் பொருந்தியிருந்தால் எஞ்சின் கிளம்பிய அக்கணமே டிராக்டர் நகரும். தொடுபவர் நிற்கும் இடமோ பின்சக்கரத்திற்கு நேர் முன்னே. பல தேசங்களிலும் குடியானவர்கள் இவ்வாறு சொந்த டிராக்டரின் கீழேயே சிக்கி உயிரிழந்திருக்கின்றனர். காப்பு ஸ்விட்சு கெட்டால் அதைச் சீர்செய்ய வேண்டுமேயன்றிக் கம்பியால் இணைத்துவிடுதல் ஆகாது.

மலையோரத்தில் சரிவு உள்ள இடம் பார்த்து நிறுத்தி, மறுநாள் உருட்டிவிட்டுக் கிளப்புவதும் அபாயமே. பழைய டிராக்டரின் பிரேக்கை நம்பி அவ்வாறு செய்வது, சில ரூபாய்ச் செலவில் தீரும் குறைக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ஏற்றப்படும் பாட்டரியினின்று ஜலவாயு வெளிப்படும்; அது சிறு பொறியாலும் வெடிக்கவல்லது. ஆகையால் பாட்டரியின் அருகில் பீடி, தீக்குச்சி கூடா. மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும்போது, பாஸிட்டிவை பாஸிட்டிவோடு முதலில் இணைத்து, கடைசி இணைப்பைப் பாட்டரிக்குத் தூரமாக எஞ்சினின் இரும்பில் கொடுக்க வேண்டும். பழைய ஆங்கில டிராக்டர்கள் சிலவற்றில் பாஸிட்டிவ் முனையே எர்த்தாக வைக்கப்பட்டிருக்கும். அத்தகைய டிராக்டருக்கு இம்முறை பொருந்தாது. ஆதலால் கம்பியைத் தொடுமுன் எந்த முனை எர்த் என்று பார்த்துக்கொள்ளல் அவசியம்.

பாதுகாக்கும் முறை

மாதம் ஒரு தடவை கிளாம்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்க. கழற்றும்போது எர்த் கிளாம்பை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். இல்லாவிடில் ஸ்பானர் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். பூத்த பொடியை ஆப்பச் சோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்நீர் பாட்டரியின் உள்ளே இறங்கலாகாது. முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிய பின்னர் மேலே வாஸலின் பூசுக. எர்த் பட்டை சேரும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் நீக்கி, வெறும் இரும்பு தெரியும்படி செய்க.

திராவகம் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலும் ஓடை நீரிலும் உள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும்.

எஞ்சின் மத்திய வேகத்தில் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரையில் காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் பெல்ட்டு தளர்ந்திருக்கின்றதா என்று முதலில் பார்த்து, பின்னர் டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ சோதிக்க வேண்டும். இதைக் கவனியாமல் பாட்டரியை மட்டும் வெளியே ஏற்றிக் கொணர்ந்தால், அது சில தினங்களில் மறுபடியும் இறங்கிவிடும்.

மாங்காய் இறங்கிய பின் டிராக்டர் வாரக்கணக்கில் சும்மா நிற்குமாயின், எர்த் கிளாம்பைக் கழற்றி வைக்க வேண்டும். அவ்வாறு கழற்றினாலும் பாட்டரி தானே சிறிது சிறிதாக இறங்கும். வெயில் காலத்தில் விரைவாக இறங்கும். இறங்கிய நிலையில் நெடுநாள் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் கந்தக உப்பு கெட்டியாகப் படிந்து, பின்னர் ஏற்றியும் பயனற்றதாகிவிடும். ஆகையால் மாதம் ஒரு முறையேனும் அதை ஏற்றிவைத்தல் நலம். ஏற்றும் அளவு பாட்டரியின் கொள்ளளவில் பத்திலொரு பங்காக இருக்கட்டும். 88 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்குச் சுமார் 9 ஆம்பியர் போதும்.

முடிவு

விளக்கையும் சத்தத்தையும் கவனித்தல், பாட்டரியை அளத்தல், இணைப்புகளில் இழப்பைத் தேடல், சிறு பாதையைச் சோதித்தல் என்னும் இந்நான்கையும் இவ்வரிசையிலேயே செய்து வந்தால், எந்த உறுப்புக்குப் பணம் செலவிட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பது தெளிவாகும். மோட்டாரையே பிரிக்க வேண்டிய நிலை வந்தாலும், கோளாறு இன்ன இடத்தில் என்று மெக்கானிக்கிடம் சொல்லக்கூடிய குடியானவர் வீண் செலவுக்கு ஆளாகார். மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே ஒரு நாள் காலையை இதற்கென ஒதுக்கி, தத்தம் டிராக்டரைச் சோதித்து வைத்துக்கொள்ளுமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பதம் வாய்க்கும் நாளில் டிராக்டர் கிளம்புமானால், அந்தக் காலையில் செலவிட்ட நேரம் பலமடங்காகத் திரும்பி வரும்.